பட்டியலில் இல்லாத கதவு

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டுக்காரர் ரகோத்தமன் டொரண்டோவிலிருந்து வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர். அதனால் முதலில் காலை வணக்கம், பிறகு நலம் விசாரிப்பு, பிறகு என் பெண் நிரஞ்சனாவின் படிப்பைப் பற்றி ஒரு வரி, அதற்கும் கீழே போனால்தான் விஷயம். வீட்டை விற்கப் போகிறாராம். புரோக்கர் ஜெயசீலன் ஆட்களை அழைத்து வருவார், கொஞ்சம் திறந்து காட்டுங்கள், தை மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் கைகூப்பும் பொம்மை இரண்டு.

நானும் கைகூப்பும் பொம்மை இரண்டு அனுப்பினேன். பிறகு சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் மறுபடி போட்டுவிட்டேன்.

இந்த டைரி, கம்பெனிக்கு யாரோ சப்ளையர் கொடுத்ததென்று என் கணவர் ஜனவரியில் கொண்டுவந்தது. பால் கணக்குக்குக்கூட எடுக்காமல் கிடந்தது. இன்று ஏனோ எடுத்துவிட்டேன்.

எழுத ஆரம்பித்தாயிற்று, எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நான் தமயந்தி. அவர் ஞானவேல், ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஒரே பெண் நிரஞ்சனா, பிளஸ் டூ. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இது எங்களுக்கு ஆறாவது வாடகை வீடு. ஊரப்பாக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, கனகாம்பர நகர். ஒரே கேட், நாற்பத்திரண்டு தனி வீடுகள், நடுவில் ஒரு பூங்கா. ஓனர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குரூப். நாளை தண்ணீர் வராது என்பது எல்லோருக்கும் வரும். ஏன் வராது என்பது ஓனர்கள் குரூப்பில் மட்டும் வரும்.

பதினொரு மாத அக்ரிமெண்ட், இரண்டு தடவை புதுப்பித்தாயிற்று. ஆறு வீட்டு அக்ரிமெண்டிலும் மாறாத வரி ஒன்று உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் கல்யாணப் போட்டோ பத்தொன்பது வருடமாக பீரோ மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 20

இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் அவர் மத்தியானம் வீட்டில் இருந்தார். "சரி, வேற வீடு பாப்போம். இதென்ன நமக்குப் புதுசா?" என்றார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"பிளஸ் டூ வருஷத்துல யாராவது வீடு மாத்துவாங்களா?" என்றேன்.

அவர் அடுத்த அப்பளத்தை எடுத்தார்.  பிளஸ் டூ வருடத்தில் தமிழ்நாட்டில் டிவியையே துணி போட்டு மூடிவைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போவதில்லை, சொந்தக்காரர்களைக் கூப்பிடுவதில்லை. வீடு மாறுவதாவது. மார்ச் கடைசியில் பரீட்சை முடியும்வரை இந்த வீட்டிலிருந்து அசையக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை, வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முதல் பார்ட்டி வந்தது. ஆழ்வார்திருநகரிலிருந்து ஒரு குடும்பம், கூடவே வாஸ்து பார்க்கிற ஆள். அவர் ஹாலின் நடுவில் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாமி வந்தவர் மாதிரி சுற்றினார்.

ஜெயசீலன் கதவு, ஜன்னல் எல்லாம் தேக்கு என்று அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் பிடிக்காது. மாடி அறைக்கு அவர்கள் போனபோது பின்னாலேயே போய், "மழைக்கு இந்த வடக்குச் சுவர்ல ஓதம் ஏறும். போன வருஷம் பீரோவைத் தள்ளிப் பார்த்தா பின்னாடி பூரா பூஞ்சை" என்று உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து, கையை முகர்ந்தும் பார்த்தார்.

கீழே வந்ததும், "அக்கா, கேட்டாதான் சொல்லணும்" என்றார் ஜெயசீலன் மெதுவாக.

"அவங்க கேக்கத் தெரியாதவங்க தம்பி, பாவம்" என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றைக்கு ஒரு பேங்க் மேனேஜர். தனியாக வந்தார், எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார், விவரமான ஆள். குளியலறைத் தரையின் வாட்டம் தப்பாக இருப்பது அவர் கண்ணுக்கும் தெரியவில்லை. வாயால் சொன்னால் நம்புவாரோ மாட்டாரோ என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் நேராகக் கதவுப் பக்கம் வந்து அவர் சாக்ஸை நனைத்தது.

சாயங்காலம் இவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டியலே போட்டு வெச்சிருக்கியா?"

போட்டுத்தான் வைத்திருக்கிறேன். மாடி ஓதம், குளியலறை வாட்டம், போர் தண்ணீர் உப்பு, மழை வந்தால் ட்ரிப் ஆகும் மோட்டார், சம்ப் மூடி உடைசல், மேற்குப் பார்த்த வாசல் என்பதால் மூன்று மணிக்கு மேல் ஹால் அடுப்பு, ஆடி மாதம் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, சமையலறை எறும்பு, தெருமுனைத் திருப்பத்தில் பெரிய கார் திரும்பாது. அத்தனையும் நிஜம். ஒன்றில்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"பின்கதவ விட்டுட்டியே" என்றார்.

"மறந்துட்டேன்" என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

யாரும் வரவில்லை. ரவா கேசரி செய்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஒரு சின்ன ஜோடி வந்தது. பெண்ணுக்கு ஆறாம் மாதம் இருக்கும். இருவரும் ஐடி கம்பெனி. அவள் மாடிப்படியில் நிதானமாக ஏறி, மொட்டை மாடியில் நின்று, எலக்ட்ரிக் ட்ரெயின் போவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். தெரிந்தது. "ஏங்க, ட்ரெயின் காட்டி சோறு ஊட்டலாம்" என்றாள் புருஷனிடம். பிறகு ஹால் உத்தரத்தைப் பார்த்து, தூளிக்குக் கொக்கி எங்கே போடலாம் என்று கேட்டாள்.

நான் போர் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். குக்கரின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பதை எடுத்துக் காட்டினேன். "பெரியவங்களுக்குப் பரவால்ல. பச்சக் குழந்தையக் குளிப்பாட்ட இந்தத் தண்ணி ஆகாது, தோல் வறண்டுடும்" என்றேன்.

அவள் முகம் அப்படியே வாடிப்போயிற்று. போகும்போது, "உண்மையச் சொன்னதுக்கு தேங்க்ஸ்க்கா" என்றாள்.

செப்டம்பர் 23

வெண்டைக்காய் தீய்ந்துவிட்டது. நிரஞ்சனாவையும் இதே மாதிரி உப்புத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினேன், குரோம்பேட்டையில். அங்கே இதைவிட உப்பு.

அக்டோபர் 5, சனி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒரு லேடி தனியாக வருவார் என்று ஜெயசீலன் வியாழக்கிழமை சொல்லியிருந்தார். இன்றைக்கே பதினொரு மணிக்கு ஒரு லேடி தனியாக வந்து நின்றார். காட்டன் புடவை, கையில் ஒரு பை, நல்ல களை. ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "வாங்க, வீடு பாக்கத்தானே? வாங்க" என்றேன். அவரும், "ஆமா, பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

இத்தனை கவனமாக யாரும் நான் சொல்வதைக் கேட்டதில்லை. மாடி ஓதத்துக்குப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். குளியலறைக்கு வாளித் தண்ணீர் ஊற்றினேன், அதையும் எழுதிக்கொண்டார். சம்ப் மூடியைக் குனிந்து பார்த்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒன்பது குறையையும் ஒரே மூச்சில் சொன்னது இதுதான் முதல் தடவை. மணி ஒன்றாகிவிட்டது. எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டேன், மறுக்காமல் சாப்பிட்டார்.

தட்டைக் கழுவப் போனவரைத் தடுத்து, "நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்க?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"திருச்சிங்க. நான் அனுராதா. ரகோத்தமன் என் அண்ணன். வீட்ட ஒருதரம் பாத்துட்டு வான்னு சொன்னார், ஃபோன் பண்ணாம வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார்.

எனக்கு எலுமிச்சைச் சாதம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அவரோ சிரித்த முகமாக நோட்டைப் பையில் வைத்தார். "ரெண்டு வருஷமா இவ்ளோ கஷ்டத்தையும் ஒரு வார்த்த சொல்லாம சகிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. அண்ணாகிட்ட சொல்றேன், எல்லாம் சரிபண்ணிடலாம்."

ஆட்டோ ஏறும்வரை கூடப் போய் வழியனுப்பினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

நிஜமான லேடி வந்தார். கல்யாண வயதுப் பையனுக்காக வீடு பார்க்கிறாராம். நான் வாயே திறக்கவில்லை. அவருக்கே வீடு பிடிக்கவில்லை. ஹால் சின்னதாம். எங்கே சின்னது? பதினாறுக்குப் பன்னிரண்டு.

அக்டோபர் 17

ஒரு வாரமாக வீடு முழுக்க ஆள். மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃப், குளியலறைத் தரையைக் கொத்திப் புது டைல்ஸ், புது மோட்டார், புது சம்ப் மூடி. சமையலறையில் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் முடிந்ததும் மேஸ்திரி போட்டோ எடுத்து டொரண்டோவுக்கு அனுப்புகிறார். என் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறார்கள்.

இன்று தச்சு ஆசாரி வந்தார். எல்லாக் கதவையும் இழைத்துச் சரிசெய்யச் சொல்லி உத்தரவாம். முன் கதவு, படுக்கையறைக் கதவு முடித்துவிட்டுப் பின்கதவுக்குப் போனார். "மரம் சுருங்கிப் போயிருக்கேம்மா. கீல் பக்கம் ஒரு விரல் இடவெளி. ஒரு சட்டம் வெச்சு அடிச்சா கச்சிதமா சாத்தும்" என்றார்.

"அது நல்லாத்தான் இருக்கு. நீங்க டீ குடிங்க" என்றேன்.

அக்டோபர் 31, தீபாவளி

வீட்டுக்குள் வெள்ளையடித்து, வெளியே இளம் மஞ்சள் பூசியாயிற்று. நம் காசு ஒன்றும் போகவில்லை. வாசலில் நின்று பார்த்தால் வேறு யாரோ பணக்காரர் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. நிரஞ்சனா புது சுடிதாரோடு வந்து, "ம்மா, நீ விக்கக்கூடாதுன்னு பாடுபட்டு வீட்ட விக்கிற மாதிரி ஆக்கிட்ட" என்றாள். அவள் அப்பாவுக்கு அதிரசம் புரையேறிவிட்டது.

நான் விற்கக்கூடாது என்று யாரிடம் சொன்னேன்?

நவம்பர் 30

புயல் சின்னம் என்று நேற்றிலிருந்து பேய் மழை. கரண்ட் இல்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர். மாடி அறை வடக்குச் சுவரை மணிக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. மத்தியானம் மூன்று பேரும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். நிரஞ்சனா வேதியியல் ஒப்பித்தாள், அவர் தப்புத் தப்பாகத் திருத்தினார். எனக்கு மனது நிறைந்திருந்தது. இந்த வருடத்தில் இதைவிட நல்ல நாள் ஞாபகம் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

வாரம் ஒரு பார்ட்டி வருகிறது. சொல்லக் குறையே இல்லை என்பதால் ஒலிபெருக்கியையும் எறும்பையும் வைத்துக்கொண்டு தள்ளுகிறேன்.

இன்று வந்தவர்கள் போனதும் நிரஞ்சனா புத்தகத்தை மூடிவிட்டு நேராகக் கேட்டாள். "ம்மா, நான் பாதி நாள் ஸ்கூல்ல படிக்கிறேன். மீதி நாள் ப்ரியங்கா வீட்ல. எனக்கு எந்த வீடா இருந்தாலும் ஒண்ணுதான். பரீட்ச எனக்கா, உனக்கா?"

"வாயப் பாரு" என்றேன். பிறகு அவளுக்குப் பிடித்த சேமியா உப்புமா கிண்டிக் கொடுத்தேன். இந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

டிசம்பர் 16

மார்கழி பிறந்தது. இனி ஒரு மாதம் எவனும் வீடு பார்க்க வரமாட்டான். மார்கழியைக் கொடுத்த மகராசனுக்குக் கோடி புண்ணியம். வாசலில் பெரிய கோலமாகப் போட்டேன்.

காலையில் பின்படிக்கட்டில் காபியோடு உட்கார்ந்தேன். பின்கதவைச் சாத்தினாலும் அந்த ஒரு விரல் இடைவெளி வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே விழும். சமையலறைத் தரையில் தொடங்கி மெதுவாக நகர்ந்து அரிசி டப்பாவைத் தொடும். தொட்டதென்றால் நிரஞ்சனாவின் பஸ்ஸுக்கு நேரம். மார்கழியில் கொஞ்சம் பிந்தும். இரண்டு வருடமாக நான் காலையில் கடிகாரம் பார்த்ததே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

புது டைரி. அதே சப்ளையர்.

தை பிறந்து முதல் ஞாயிறு. நாலு மணிக்கு ஜெயசீலனோடு ஒரு அம்மா வந்தார். பெயர் ரோஸ்லின். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பரிண்டெண்ட். தனி ஆள். சுவரைத் தட்டவில்லை, குழாயைத் திறக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் கொஞ்ச நேரம் நின்றார், வார்டு ரவுண்ட்ஸ் வருகிற மாதிரி.

"மேற்குப் பாத்த வீடு. ஹால்ல இப்ப எவ்ளோ சூடு பாருங்க" என்று ஆரம்பித்தேன்.

"முப்பத்தோரு வருஷம் குவார்ட்டர்ஸ்ல இருந்திருக்கேம்மா. எட்டு ஊரு. எட்டு ஊர்லயும் மொட்ட மாடிக்குக் கீழதான் குடுத்தாங்க. இது சூடே இல்ல."

"ஆடில கோயில் ஸ்பீக்கர் காதப் பொளக்கும்."

"பிரசவ வார்டுல பதினாலு வருஷம்" என்றார். சிரிக்கவும் இல்லை.

எறும்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது அவர் குறுக்கே ஒன்று கேட்டார். "நீங்க இந்த வீட்ல எங்க உக்காந்து காபி குடிப்பீங்க?"

இருபது பேர் வந்து பார்த்துவிட்டுப் போன வீடு இது. எத்தனை சதுர அடி, எத்தனை அடியில் தண்ணீர், பட்டா யார் பேரில் என்று கேட்டார்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை.  பின்பக்கம் அழைத்துப் போனேன். பின்கதவைக் கொஞ்சம் தூக்கித் திறப்பது என் கைப்பழக்கம், அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது படியில் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போட்டுக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டு முருங்கை காம்பவுண்ட் சுவர் மேல் சாய்ந்திருந்தது. அணில் ஒன்று பூவைக் கொறித்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு நான் பேசியதெல்லாம் வேறு. எந்த ஜன்னலைத் திறந்தால் எந்த மாதம் காற்று வரும், மொட்டை மாடியில் வடகத்துக்கு எந்த மூலை, மாடி அறையில் மழைச் சத்தம் எப்படிக் கேட்கும், கேட்டில் பால் எத்தனை மணிக்கு, பூங்காவில் எந்த பெஞ்சில் கொசு இல்லை. ஜெயசீலன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்துக்கொண்டே இருந்தார்.

போகும்போது, "எனக்கு வீடு காட்டினது நீங்கதாம்மா. அந்தத் தம்பி இல்ல" என்றார் ரோஸ்லின்.

அவரிடம் இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம். பரீட்சைக்கு நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது.

ஜனவரி 21

நிரஞ்சனாவின் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "அப்பாடா" என்றார்.

"என்ன அப்பாடா?"

"அஞ்சு மாசமா நீ ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஒழுங்கா சாப்பிடல தமயந்தி" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

ஜெயசீலன் போன் செய்தார். ரோஸ்லினோடு பேச்சு முடிந்துவிட்டதாம். பிப்ரவரி பத்தாம் தேதி பத்திரம்.  எப்போது காலிசெய்ய வேண்டும் என்று நிரஞ்சனாதான் போனை வாங்கிக் கேட்டாள். மேடமே பேசுவார் என்றாராம்.

பிப்ரவரி 10

பத்திரம் முடித்துவிட்டு ரோஸ்லின் அக்கா நேராக இங்கே வந்தார். கையில் அரை கிலோ மைசூர்பா. இனி அக்கா என்றுதான் எழுத வருகிறது, மேடம் என்று வரவில்லை.

"மே முப்பத்தொண்ணு எனக்கு ரிட்டயர்மெண்ட். அதுவரைக்கும் குவார்ட்டர்ஸ விட்டு வர முடியாது. நீங்க மே கடைசிவரைக்கும் இருந்துக்கலாம்மா. பாப்பா நிம்மதியா பரீட்ச எழுதட்டும்" என்றார்.

நான் ஐந்து மாதமாகப் பாடுபட்டதற்குமேல் இரண்டு மாதம் சேர்த்துக் கிடைத்திருக்கிறது. குதித்திருக்க வேண்டும். "ரொம்ப சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் இல்லாத ஸிங்க்கில் போய்க் கை கழுவினேன்.

அவர் ஹாலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த போட்டோ ஏன் பீரோ மேல கெடக்கு?" என்றார். ஆணி விஷயத்தைச் சொன்னேன். கிட்டப் போய் போட்டோவின் தூசியைத் துடைத்தார். பிறகு, "நானும் முப்பத்தோரு வருஷமா அடிக்கல. குவார்ட்டர்ஸ்ல அடிச்சா பி.டபிள்யூ.டி.காரன் எழுதி வாங்குவான். எங்க அடிக்கணும்னு நெனைக்கிறீங்களோ அங்க அடிங்கம்மா" என்றார்.

"மூணு மாசத்துக்கா?"

"மூணு மாசமும் மாசந்தான?"

பிப்ரவரி 11

நிரஞ்சனாவின் அப்பா ஆணி பிடித்தார், நான் சுத்தியலால் அடித்தேன். முதல் அடி அவர் கட்டைவிரலில். இரண்டாவதிலிருந்து சரியாக விழுந்தது. போட்டோவில் நான் எவ்வளவு ஒல்லி. ஆளுயரத்தில் பார்த்தபோதுதான் அவர் மணவறையில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பீரோ மேல் இருந்தவரை அது ஃப்ரேமின் நிழலில் மறைந்தே போயிருந்தது.

மார்ச் 3

தமிழ் சுலபமாம்.

மார்ச் 25

முடிந்தது. வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சோபாவில் விழுந்து நாலு மணி நேரம் தூங்கினாள். டிவி மேலிருந்த துணியை எடுத்தேன். தும்மல் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீடு பார்க்கப் போனோம். இந்தத் தடவை நாங்கள் பார்ட்டி. நகரிலேயே மூன்றாம் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன். கீழே ஓனர், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். இப்போது அங்கே குடியிருக்கிற பெண் எங்கள் பின்னாலேயே வந்து, கரண்ட் மீட்டர் வேகமாக ஓடும், சமையலறையில் வெளிச்சம் போதாது என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவள் பையன் அடுத்த வருடம் பத்தாவதாம்.

"நீங்க காலி பண்றதா ஓனர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். புருஷனுக்கு மாற்றல், மே மாதம் கோயம்புத்தூர் போகிறார்களாம். "அப்ப எதுக்கும்மா எல்லாத்தையும் சொல்ற?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "எனக்கு இந்த வீடு புடிக்கும்க்கா" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் குழம்பிப்போனாள், பாவம்.

முன்பணம் கொடுக்குமுன் போஸ்ட் மாஸ்டரிடம் கேட்டேன். "சார், ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?" பத்தொன்பது வருடத்தில் இதைக் கேட்டே பார்த்ததில்லை. அவர் யோசித்து, "ஒண்ணுன்னா அடிச்சுக்கங்க" என்றார். இவ்வளவுதானா?

மே 8

ரிசல்ட். 531. அவள் அப்பா கம்பெனி முழுக்க லட்டு கொடுத்திருக்கிறார். நிரஞ்சனா, "ம்மா, வீட்டுக்கும் ஒரு லட்டு குடு, அதுவும்தான் எழுதிச்சு" என்றாள்.

மே 25, ஞாயிறு

காலிசெய்தோம். லாரி வேண்டியிருக்கவில்லை, மூன்று தெரு தள்ளித்தானே, ஒரு குட்டியானை வண்டி நாலு நடை அடித்தது. அரிசி டப்பாவை மட்டும் நான் மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டைக் கழுவித் துடைத்து, சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்தேன். போட்டோவைக் கழற்றினேன். ஆணியைப் பிடுங்கவில்லை.

பரீட்சைக்காக என்று போன வருடம் எழுதியது பொய். ஒன்பது மாதமாக இந்த டைரியிடமே பொய் சொல்லியிருக்கிறேன், நிரஞ்சனாவுக்கும் அவருக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்கு அந்த வீட்டை விட மனதில்லை. அவ்வளவுதான். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. எங்கேயாவது ட்ரெயின் தெரிகிற வீடாக அவளுக்குக் கிடைத்திருக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ரோஸ்லின் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். ஃபாதர் வந்து வீடு மந்திரித்துவிட்டுப் போனார், அப்புறம் பாலும் காய்ச்சினோம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேன் நிறைய நர்சுகள். என் ஆணியில் அக்காவின் பிரிவுபசார விழா குரூப் போட்டோ தொங்குகிறது. நாற்பது பேர் நடுவில் மாலையோடு அக்கா. நேராக இல்லை, இடது பக்கம் ஒரு துளி சாய்ந்திருந்தது, யாரும் பார்க்காதபோது சரிசெய்தேன்.

எல்லோரும் போனபிறகு பாத்திரம் ஒதுக்கக் கூடமாட இருந்தேன். அக்கா சமையலறையில் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு, "செவ்வாக்கெழம ஆசாரி வரார், அலமாரி அடிக்க. கதவு ஜன்னல் எதாவது சரிபண்ண வேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடும்மா. உனக்குத் தெரியாத குறை இந்த வீட்ல எது?" என்றார். அனுராதா கதை அவருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆசாரி அதே ஆசாரி. செவ்வாய்க்கிழமை அவராகவே பார்த்துச் சட்டம் வைத்து அடித்துவிடுவார்.

"ஒண்ணு இருக்குக்கா. இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல" என்றேன். பின்கதவிடம் அழைத்துப் போய், கீல் பக்கம் விரலை விட்டுக் காட்டினேன். எப்படித் தூக்கித் திறக்க வேண்டும் என்று காட்டினேன். காலையில் அந்த வழியாக என்ன வரும், எங்கே ஆரம்பித்து எங்கே போகும் என்பதையும் சொன்னேன். "அதனால இத மட்டும் சரிபண்ணிடாதீங்க" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

அக்கா விரலை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார்.  சமையலறைக்குத் திரும்பி வந்து, அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த தன் அரிசி டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார்.

"எங்க வெச்சிருந்தம்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு இடத்தைக் காட்டினேன். வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சுவர் பக்கம்" என்றேன்.